கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்

ஐந்து வயதுக் குழந்தை பல் டாக்டரின் நாற்காலியில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் கருவியை வாய்ப்பக்கம் கொண்டுபோகவே இல்லை. குழந்தையின் கட்டைவிரல் நகத்தில், பல் தேய்க்கும் குட்டி ரப்பரை மெதுவாகச் சுழலவிடுகிறார். “கிச்சுகிச்சு மூட்டுதா?” தலை ஆடுகிறது. “இதையே பல்லுல வைக்கட்டுமா? பத்து எண்ணுறதுக்குள்ள எடுத்துடுவேன்.” வாய் திறக்கிறது.

சொல், காட்டு, செய். ஹெரால்ட் ஆடில்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1959-இல் முறைப்படுத்திய உத்தி இது. குழந்தையை அதிகம் பயமுறுத்துவது வலியைவிட, அடுத்து என்ன வரப்போகிறது, எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதுதான். பத்து வரை எண்ணினால் முடியும் இடம் தெரிந்துவிடுகிறது. “வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடுறேன்” என்றால் கட்டுப்பாடு கொஞ்சம் குழந்தையின் கைக்குப் போகிறது. பல குழந்தைகள் சும்மா ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார்கள். அப்போது நிறுத்தியே ஆக வேண்டும். “இதோ ஆச்சு, ஒரு நிமிஷம்” என்று தொடர்ந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

மரத்துப்போகும் ஊசி போடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் ஈறில் ஜெல் தடவி ஓரிரு நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு கன்னத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே மருந்தை மிக மெதுவாகச் செலுத்துவார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிடுவது போலத்தான். தொடு உணர்வு சேர்ந்து போகும்போது, வலிச் சேதி மூளைக்குப் போகும் வழி கொஞ்சம் அடைபடுகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த நேரத்தில் ‘ஊசி’ என்ற சொல் டாக்டர் வாயிலிருந்து வராது. ‘பல்லைத் தூங்கவைக்கிற மருந்து’ என்பார்.

சரி, இதையெல்லாம் பெண் டாக்டர்தான் நன்றாகச் செய்வாரா? “லேடி டாக்டர் இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு வரும் பெற்றோர் நிறைய. இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. பொது மருத்துவர்களைப் பற்றி 2002-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பெண் மருத்துவர்கள் ஒரு நோயாளியோடு சராசரியாக 2 நிமிடம் கூடுதலாகச் செலவிட்டது தெரிந்தது. அவர்கள் பல் மருத்துவர்கள் அல்ல என்றாலும், சொல்லிக் காட்டிச் செய்வதற்கு 2 நிமிடம் பெரிய விஷயம்.

ஆனால் டாக்டரின் வயதையும் பார்க்க வேண்டும். அலறும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி, காதில் ‘அழுகையை நிறுத்தினால் கையை எடுக்கிறேன்’ என்று சொல்லும் முறை ஒன்று முன்பு பாடத்திலேயே இருந்தது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006-இல்தான் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. பல் மருத்துவத்தில் பெண்கள் பெருகியதும் அண்மைக் காலத்தில்தான். பெண்கள் மென்மையாக நடத்துகிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னால், அதில் எவ்வளவு பால் வித்தியாசம், எவ்வளவு படித்த காலத்தின் வித்தியாசம் என்று பிரிப்பது லேசல்ல. எனக்கென்னவோ இரண்டாவதன் பங்குதான் பெரிது என்று படுகிறது.

குரல் விஷயமும் அப்படித்தான். ஆண் குரல் நொடிக்கு ஏறக்குறைய 120 அதிர்வு, பெண் குரல் 200. கனத்த குரலுக்குத்தான் குழந்தை அடங்கும் என்று நினைப்போம். ஆனால் குரலால் அடக்கும் உத்தியில் வேலை செய்வது அந்தத் திடீர் மாற்றம். அதுவரை கொஞ்சிப் பேசியவர் சட்டென்று அழுத்தமாக “கையை எடு” என்றதும் குழந்தை நிமிர்ந்து பார்க்கும். எடுத்த அடுத்த நொடியே பழைய குரல் திரும்பிவிட வேண்டும். இது யார் தொண்டையிலிருந்தும் வரும். எப்போதும் அதட்டுகிறவருக்கு மட்டும் வராது.

அப்புறம், அம்மா உள்ளே இருக்கலாமா? 1962-இல் ஃபிராங்கில் என்ற பல் மருத்துவரும் கூட்டாளிகளும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். குழந்தையின் ஒத்துழைப்பை நாலு படிகளாகக் குறிக்கும் அவர்களுடைய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நான்கு வயதை ஒட்டிய சிறு பிள்ளைகள் அம்மா பக்கத்தில் இருந்தபோது நன்றாக ஒத்துழைத்தார்கள். அவர்களைவிடப் பெரிய பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக, அம்மா உட்காரலாம். டாக்டர் ஊசியை மறைத்து எடுக்கும் நேரம் பார்த்து, “ஊசியெல்லாம் போட மாட்டாங்கடா, வலிக்கவே வலிக்காது” என்று ஆறுதல் சொல்லாமல் இருந்தால் சரி.