இளம் நாடகக் கலைஞருக்கு மாதம் 5,000 ரூபாய்: யாருக்கு, எதற்கு?

நாடகக் குழுவில் இரண்டு மூன்று வருடம் ஓடிய பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மத்திய அரசு ஸ்காலர்ஷிப் ஒன்று இருக்காமே, அதை வாங்கிப் புது நாடகம் போடலாமா?" ஸ்காலர்ஷிப் இருப்பது உண்மைதான். ஆனால் அது செட்டுக்கும் லைட்டுக்கும் அரங்க வாடகைக்கும் தரும் பணம் கிடையாது. நீங்கள் பயிற்சி எடுப்பதற்காகத் தருவது.

மத்திய கலாச்சார அமைச்சகத்தின் திட்டம் இது. நடைமுறைப்படுத்துவது புதுடெல்லியில் இருக்கும் சிசிஆர்டி என்கிற பண்பாட்டு வளப் பயிற்சி மையம். சங்கீதம், நடனம், நாடகம், மைம், ஓவியம், நாட்டுப்புறக் கலை எல்லாம் சேர்த்து மொத்தம் 400 பேருக்கு இடம். மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு முறை வரும். அதாவது ஒரு தவணைக்கு 30,000, மொத்தம் 1,20,000 ரூபாய். சென்னையில் ஒத்திகைக்கு இடம் தேடி அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பகுதிநேர வேலை ஒன்றை விட்டுவிட்டுச் சாயங்காலத்தை ஒத்திகைக்கு ஒதுக்க இது போதும்.

வயது 18 முதல் 25 வரை. இதில் தளர்வே கிடையாது. ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து வருடம் பயின்றிருக்க வேண்டும், அவர்களின் சான்றும் வேண்டும். ஆரம்பநிலைக்காரர்களுக்கானது அல்ல என்று விதியே சொல்கிறது. கணக்குப் போட்டால், 22 வயதில் விண்ணப்பிப்பவர் 17 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பரதநாட்டியத்தில் அது சாதாரணம். கல்லூரியில்தான் முதன்முதலாக மேடை ஏறுகிற நவீன நாடகக்காரருக்கு இந்த ஐந்து வருடம்தான் பெரிய தடை. பள்ளி நாட்களில் ஏதாவது குழுவோடு பயிற்சி எடுத்திருந்தால் அந்தச் சான்றை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தேறினால் நிபுணர் குழு முன்னால் நேர்காணல். அங்கே வெறும் பேச்சு எடுபடாது, செய்து காட்ட வேண்டியிருக்கும். தேர்வானபின் தினமும் குறைந்தது மூன்று மணி நேரப் பயிற்சி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி அறிக்கை. அறிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். 'நாடகம்' என்ற பிரிவில் நடிப்பு, இயக்கம் போன்றவை வரும். கூத்து வாத்தியாரிடம் அடவும் பாட்டும் கற்றுக்கொண்டு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வேஷம் கட்டுகிறவருக்கு நாட்டுப்புற, மரபுக் கலைகள் என்று தனிப் பிரிவு இருக்கிறது. பொம்மலாட்டமும் நாட்டுப்புற நாடகமும் அதில்தான். தெருக்கூத்து ஆடுகிறவர் நாடகப் பிரிவில் போட்டுவிட்டு நவீன நாடகக்காரரோடு போட்டி போட வேண்டியதில்லை.

இன்னொரு வரியைப் பலர் கவனிப்பதில்லை. நாடகப் பிரிவில் நாடகம் எழுதுவதும் ஆய்வும் சேராது என்று விதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. பிரதி எழுதுகிறவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. எழுதுகிறவர், இயக்குகிறவர், நடிக்கிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும் குழுக்கள்தான் நம்மிடம் அதிகம். அப்படிப்பட்டவர் இயக்குநராகவோ நடிகராகவோ விண்ணப்பிப்பதே வழி.

சரி, 25 தாண்டிவிட்டால்? அதே அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப் 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு. மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருடம், 200 பேருக்கு. பட்டப்படிப்பு வேண்டும். இது ஆய்வுக்கானது, ஆனால் ஏட்டு ஆய்வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிகழ்த்துதல் சார்ந்த ஆய்வும் செல்லும். தெருக்கூத்தில் கதையை நடத்திக்கொண்டு போகும் கட்டியங்காரனின் பேச்சு முறையை ஆராய்ந்து, அதை இன்றைய மேடையில் எப்படிக் கையாளலாம் என்று செய்து பார்ப்பது போன்ற திட்டம் இதற்குப் பொருந்தும். பயிலரங்கு நடத்தவோ புனைகதை எழுதவோ இந்தப் பணம் கிடையாது. இங்கேயும் பாருங்கள், எழுத்தாளர் வெளியேதான் நிற்கிறார்.

தயாரிப்புச் செலவுக்கு வேறு பை. அமைச்சகத்தின் கலைநிகழ்ச்சி மற்றும் தயாரிப்பு நல்கையில் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்த அமைப்புக்குத்தான். தமிழ்நாட்டில் இயல் இசை நாடக மன்றமும் புதிய நாடகங்களைத் தயாரித்து மேடையேற்ற நிதியுதவி தருகிறது. நண்பர்களாகச் சேர்ந்து நாடகம் போடுகிறவர்கள் குழுவைப் பதிவு செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினால் காரியம் ஆகாது. பதிவுக்குப் பின் சில வருடம் இயங்கிய கணக்கும் கேட்பார்கள். அந்தப் பதிவை ஸ்காலர்ஷிப் கைக்கு வரும் வருடத்திலேயே முடித்துவிடலாம்.