நான்கு தந்தி, பத்தாயிரம் சுற்று

ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் என்ற தாழ்சுருதி மின் கிட்டாரில் பழையது ஒன்று விலைக்கு வந்தால், பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் முன்பக்க பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பது கொஞ்சம்தான்: தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் ஒரு பிக்கப், குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடைகளான இரண்டு 'பாட்', மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு கெப்பாசிட்டர், கேபிள் செருகும் ஒரு ஜாக், நாலைந்து ஒயர். கிட்டாரின் குரலில் பெரும்பகுதியும் வயதுக்கான சாட்சியும் அங்கேதான் இருக்கின்றன.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் லியோ ஃபெண்டர். 1951-இல் அவர் கொண்டுவந்த இந்த பேஸின் கழுத்தில் ஃப்ரெட்கள் என்ற குறுக்கு உலோகக் கம்பிகள் இருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்று பொருள்படும் 'பிரெசிஷன்' என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பி தலைமுடியை விட மெல்லியது, 0.06 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைச் சுமார் பத்தாயிரம் சுற்று சுற்றுகிறார்கள். மேலே உள்ள எஃகுத் தந்தியையும் அந்தக் காந்தங்கள் ஒரு காந்தமாக்கிவிடுகின்றன. தந்தி அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஃபாரடே கண்டுபிடித்த அதே விதிதான். இதனால்தான் நைலான் தந்தி போட்டால் இந்த பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது. மரத்தையும் அது நேரடியாகக் கேட்பதில்லை. தந்தியின் அசைவை மரம் எவ்வளவு மாற்றுகிறதோ அவ்வளவுதான் அதன் பங்கு.

சிக்கல் என்னவென்றால், சுருள் ஒரு நல்ல ஆண்டெனாவும்கூட. சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. பேஸின் தடித்த E தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதே தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால் 49. அதாவது இரைச்சல் பேஸின் சொந்த வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. வடிகட்டி எடுக்கப் போனால் இசையும் சேர்ந்து போய்விடும்.

1957-இல் ஃபெண்டர் இதற்குச் செய்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பிக்கப்பை இரண்டாகப் பிரித்து, E, A தந்திகளுக்கு ஒரு சுருள், D, G தந்திகளுக்கு இன்னொன்று என்று தள்ளித் தள்ளி வைத்தார். ஒன்றில் மின்சாரம் ஓடும் திசை மற்றதற்கு எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் நுழைந்து, எதிரெதிராக நின்று, ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. தந்தியின் ஒலி ஒரு சுருளில் மட்டும் பிறப்பதால் அழிவதில்லை. காந்தங்களையும் தலைகீழாக வைத்ததால் எல்லாத் தந்திகளின் சிக்னலும் ஒரே திசையில் வெளியேறுகிறது. பாட்டரி கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது, சுற்றும் திசையை வைத்தே காரியம் முடிந்தது.

அப்புறம் ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் குமிழ். கெப்பாசிட்டர் வேகமான அதிர்வுகளைத் தரைக்கு வழிய விடும், மெதுவானவற்றைத் தடுக்கும். பிக்கப்பின் தூண்டல், அதாவது மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் சுருளின் தன்மை, 6 ஹென்றி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குமிழைத் திறந்து வைத்தால், கேபிளின் சிறிய மின்தேக்கத்தோடு சேர்ந்து ஒலி 2,500 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சம் பெறும். விரல் தட்டும் சத்தம், தந்தியின் உலோகப் பளபளப்பு எல்லாம் கேட்கும். குமிழை முழுக்க மூடினால் 0.05 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அந்த உச்சத்தை 300 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கிவிடும். ஆரம்பகால பிரெசிஷன்களில் 0.1 இருந்தது. அதில் இன்னும் கீழே, ஏறக்குறைய 200. அறுபதுகளின் பேஸ் தலையணைபோல மெத்தென்று ஒலிக்க இதுவும் ஒரு காரணம். எண்ணெய்த்தாள் கெப்பாசிட்டருக்குப் பெருந்தொகை கொடுப்பவர்கள் உண்டு. மதிப்பு ஒன்றாக இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது என்பது என் கருத்து. அந்தப் பணத்தை நல்ல தந்திகளுக்குச் செலவழிக்கலாம்.

வயதைக் கண்டுபிடிக்க பாட்டின் முதுகைப் பாருங்கள். 1376633 என்று அச்சிட்டிருந்தால், 137 என்பது பாட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 33 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம். இது குறைந்தபட்ச எல்லை மட்டுமே, கிட்டார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. 1966-இல் மொத்தமாக வாங்கிய பாட்கள் பல ஆண்டுகள் கழித்தும் ஃபெண்டரில் பயன்பட்டன. கழுத்தைக் கழற்றினால் அதன் அடியில் பென்சிலிலோ முத்திரையிலோ இன்னொரு தேதி கிடைக்கலாம். இரண்டும் பொருந்துகிறதா, ஈயப் பற்றுகள் கை படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பிக்குக் கம்பி பளபளவென்று புது ஈயம் இருந்தால் யாரோ உள்ளே வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஒரு மல்டிமீட்டரும் கொண்டுபோங்கள். வால்யூமை முழுக்கத் திறந்து ஜாக்கில் அளந்தால் பத்து கிலோ ஓம் அளவில் வர வேண்டும். ஒரு நண்பருடைய பேஸில் வால்யூம் குமிழின் சொந்த மின்தடைதான் வந்தது, 250 கிலோ ஓம். சுருள் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு சுருளும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று போனால் இரண்டுமே ஊமை. லென்ஸ் வைத்துத் தேடினோம். வெளிமுனை, ஈயம் வைத்த இடத்துக்கு அரை மில்லிமீட்டர் முன்னால் பச்சைக் களிம்பு பிடித்து அறுந்திருந்தது. ஒரு சுற்றைப் பிரித்து, கம்பியின் மேல்பூச்சான இனாமலை மெதுவாகச் சுரண்டி, ஒரு நொடி மட்டும் சூடு காட்டினோம். மீட்டரில் 10.4 வந்தது. உள்முனை அறுந்திருந்தால் முழுவதையும் புதிதாகச் சுற்றியிருக்க வேண்டும்.

கழுத்து வளையாமல் காக்க அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் மரை இன்னும் திரும்புகிறதா என்பதும் முக்கியம். நான்கு தந்தியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ பலத்தில் இழுக்கின்றன. மரை கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தால் அந்த பேஸை விட்டுவிடுங்கள். பிரேசில் ரோஸ்வுட் விரல்பலகை கொண்ட பழைய பேஸை நாடு கடந்து விற்க அனுமதிச் சீட்டு வேண்டும், அந்த மரம் 1992 முதல் சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது.

மாற்றியமைப்பதில் அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸை, ஃபெண்டரின் இன்னொரு பேஸ் வகையை, மறக்க முடியாது. ஃப்ரெட்களை எடுத்து, பள்ளங்களை மரப்பசையால் நிரப்பி, உலோகத் தந்தி மரத்தை அரித்துவிடாமலிருக்க படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். அந்தக் கண்ணாடிப் பரப்பில் தந்தி உராய்ந்து எழும் 'ம்ம்வா' என்ற பாடும் ஒலியை உலகம் 1976-இல் அவருடைய முதல் ஆல்பத்தில் கேட்டது. அவர் கையில் இருந்தது அப்போது வெறும் பழைய கிட்டார். இன்று அதே ஆண்டுப் பேஸில் அதைச் செய்யும்படி நான் யாரிடமும் சொல்லமாட்டேன். புதிய பேஸ் ஒன்றில் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

பழையதில், திரும்ப மாட்டக்கூடியதை மட்டும் மாற்றுங்கள். பிக்கப், பாட், கெப்பாசிட்டர், தந்தி எல்லாம் சரி. இரண்டாவது பிக்கப்புக்காக மரத்தைக் குடைவதும் பழைய பூச்சைச் சுரண்டுவதும் வேண்டாம். உள்ளே கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு ஈயப் பற்றையும் படம் எடுங்கள். கழற்றியவற்றைச் சின்னக் கவரில் போட்டு, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.