சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

திருட்டு, செயின் பறிப்பு, அடிதடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வரும் பலருடைய கையில் இருப்பது சி.எஸ்.ஆர்., அதாவது சமூக சேவைப் பதிவேட்டு ரசீதுதான். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி அதைப் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். உங்கள் மனுவை நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள், பதிவேட்டில் ஓர் எண் கொடுத்தார்கள் என்பதற்கு மேல் அந்த ரசீதுக்குப் பொருள் கிடையாது. வழக்கு தொடங்குவது முதல் தகவல் அறிக்கையிலிருந்து, அதாவது எஃப்.ஐ.ஆரிலிருந்து. இந்த வேறுபாடு தெரியாததால் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. குற்றங்களை அது இரண்டாகப் பிரிக்கிறது. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடியவை ஒரு வகை: கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை, செயின் பறிப்பு போன்றவை. இவற்றில் புகார் வந்தால் 173-ஆம் பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். இதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மற்றொரு வகை, அவதூறு போன்றவை. அவற்றில் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. தகவலைக் குறித்துக்கொண்டு உங்களை நடுவரிடம் அனுப்புவார்கள்.

சி.எஸ்.ஆர். தேவையே இல்லாத ஒன்று என்று சொல்லவில்லை. சான்றிதழோ பாஸ்புக்கோ தொலைந்தால் அது உதவும். சிக்கல், திருட்டையும் அதற்குள் அடக்கும்போதுதான் வருகிறது. பஸ்ஸில் செல்போனைப் பறிகொடுத்தவரிடம், “காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்” என்று நிலையத்தில் புகாரை எழுதும் ரைட்டர் சொல்வார். ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் குற்றம் மறைந்துவிடுகிறது. திருடுபோனது என்றால் திருடுபோனது என்றே எழுதுங்கள். பொருளின் மதிப்பையும் எழுதி, பில் இருந்தால் நகல் இணையுங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டைப் புதிய சட்டம் நடுவரின் உத்தரவு தேவைப்படும் அந்த இரண்டாவது வகையில் சேர்த்திருப்பதால், மதிப்பு இப்போது முக்கியம்.

“சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை” என்ற பதிலும் இனிச் செல்லாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுதிப் படித்துக்காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும். பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். அத்தகைய குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவல் தண்டனை உண்டு.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அதைக் கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். கையில் வந்ததும் குற்ற எண், சட்டப் பிரிவுகள், சம்பவம் நடந்த நேரம், தகவல் கிடைத்த நேரம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி இருந்தால், தாமதத்துக்கான காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிற்பாடு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த இடைவெளியைத்தான்.

புதிய சட்டத்தில் எனக்கு மனக்குறை தரும் ஓர் ஏற்பாடும் உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்கிறது. தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு இது வசதியான சாக்கு. “விசாரணை நடக்கிறது” என்று சொன்னால், டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டாலே கைது நடக்க வேண்டும் என்று எண்ணுவதும் சரியல்ல. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதுக்கான காரணத்தைப் போலீஸ் எழுத்தில் பதிய வேண்டும். கைது தேவையில்லை என்றால் ஆஜராகும்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு அவருக்கு உண்டு. நாளை நம் வீட்டுப் பிள்ளைக்கும் அது தேவைப்படலாம்.

நிலையத்தில் மறுத்துவிட்டார்கள் என்றால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். மாநகரமாக இருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. அதற்கும் பலன் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில், பிரமாணப் பத்திரத்தோடு, 175(3) பிரிவின் கீழ் மனு செய்யலாம். கண்காணிப்பாளருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் அந்த மனுவோடு இணைக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக வந்தவர்களின் மனு திருப்பப்படுகிறது.