அந்தத் தோலை வெட்டிவிட்டு வராதீர்கள்

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "ஒண்ணுக்குப் போறப்ப கீழ்ப்பக்கமா ஒழுகுது டாக்டரம்மா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" பேரனுக்கு வயது எட்டு மாதம். இந்தப் பயத்தால்தான் பல பையன்கள் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை என்னிடம் வருவதில்லை.

சிறுநீர்த் துவாரம் ஆணுறுப்பின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருப்பதற்கு ஹைப்போஸ்பேடியாஸ் என்று பெயர். ஏறக்குறைய 200, 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். பெரும்பாலும் மொட்டுக்குப் பக்கத்திலேயே துவாரம் இருக்கும். அது சரிசெய்ய எளிதான வகை. கருவில் எட்டாவது வாரத்துக்கு மேல் உருவாகி மூட வேண்டிய சிறுநீர்க் குழாய், நுனிவரை வராமல் நின்றுவிடுகிறது. கிரகணத்தில் வெளியே வந்ததால் ஆனதல்ல. மருமகளைக் குறை சொல்லாதீர்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு மேல்பக்கம் முக்காடு போட்டதுபோலத் தோல் குவிந்திருக்கும், அடியில் இருக்காது. 'பிறக்கும்போதே பாதி சுன்னத் ஆகியிருக்கு' என்று நினைத்து மீதியையும் எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அறுவை சிகிச்சையில் நுனிவரை உருவாக்கும் புதுச் சிறுநீர்க் குழாயின் மேல் இன்னோர் அடுக்காகப் போர்த்த எனக்கு அந்தத் தோலும் அதன் அடிச்சதையும் வேண்டும். தோல் போன பிறகு வந்த ஆறு வயதுப் பையனுக்கு விதைப்பையிலிருந்து சவ்வு எடுத்து மூட வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சையோடு சேர்த்தே சுன்னத்தையும் முடித்துத் தர முடியும், முதலிலேயே சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சையை ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்வது நல்லது. வலி, கட்டு எதுவும் பிள்ளைக்கு நினைவில் நிற்காது. குலசாமி கோயில் மொட்டை, காதுகுத்தெல்லாம் முடித்துவிட்டே வாருங்கள், ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அடுத்த திருவிழா, அதற்கடுத்த திருவிழா என்று தள்ளாதீர்கள். விதைகள் இரண்டும் பையில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். இல்லையென்றால் வேறு சில பரிசோதனைகள் முதலில் வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மயக்கம் கொடுக்க மாட்டோம்.

மயக்கத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முடி போன்ற நூலால் தைப்போம். சிறுநீர்ப் பாதையாக வேண்டிய தட்டையான சதையின் நடுவில் கீறி அகலமாக்கி, குழாயாகச் சுருட்டித் தைக்கும் முறையை ஸ்னாட்கிராஸ் என்ற மருத்துவர் 1994ல் வெளியிட்டார். இன்று பெரும்பாலோர் செய்வது அதுதான். அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னால் வீட்டில் மனம் கேட்பதில்லை. கழற்றித்தான் ஆக வேண்டும். ஆறியதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு வாரம்போல சிறுநீர் வடிய ஒரு மெல்லிய குழாய் வைத்திருப்போம். சிறுநீர் சொட்டிக்கொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டயாபர் போடுங்கள்: உள்ளே இருப்பது மலத்துக்கு, குழாய்முனை வெளியே இருப்பதில். சிலருக்குத் தையல் வழியே சிறு ஓட்டை விழும், சிலருக்குத் துவாரம் சுருங்கும். அதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. ஓட்டையை அடைக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். போகுமுன் பையன் ஒன்றுக்குப் போவதைச் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலிருந்து, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் போதும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். காட்டியதும் அழித்துவிடுங்கள்.