ஃபெதர்வெயிட் ஜாம்பவான்களும் ஒரு ரிங்சைடு டாக்டரின் பட்டியலும்

குத்துச்சண்டைப் போட்டியில் எடை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்கு வயது 19. மே மாத வெயிலில் பிளாஸ்டிக் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதிலிருந்து குடிக்கவில்லை, அதில் துப்பிக்கொண்டிருந்தான். எச்சிலும் எடைதானே! ஸ்கேல் 57.6 காட்டியது. அவனுடைய எடைப் பிரிவுக்கு வேண்டியது 57 கிலோ. இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நாக்கை நீட்டச் சொன்னேன். வறண்டு வெடித்திருந்தது. உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 112. எழுந்து நிற்கச் சொன்னதும் 140-ஐத் தொட்டது, பையன் மேசையைப் பிடித்துக்கொண்டான். சீட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. அவனுடைய மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் நன்றாக இருக்காது.

எலக்ட்ரால் கலந்து கொடுத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே போனை நீட்டினான். ஃபெதர்வெயிட்டில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்துப் பேர் என்று ஒரு வீடியோ. "நம்பர் ஒன் யாரு சார்? நீங்க சொல்லுங்க."

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் சீக்கிரம் நிறுத்த மாட்டேன். குத்துச்சண்டை வளையத்தின் ஓரத்தில் டாக்டராக டார்ச்சோடு உட்கார்வது என் வேலை, பழைய சண்டைகளைப் பார்ப்பது என் பைத்தியம். ஃபெதர்வெயிட் என்றால் தொழில்முறையில் 126 பவுண்டு, அதாவது 57.15 கிலோ வரை. ஹெவிவெயிட்டின் ஒற்றைக் குத்து அதிர்ச்சி இங்கே குறைவு. அதற்குப் பதில் வேகம், எண்ணிக்கை. ஒரு சுற்றில் விழும் குத்துகளை எண்ணினால் தலை சுற்றும். வாங்குகிறவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

என் பட்டியலில் முதலிடம் வில்லி பெப். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். 1940-இல் தொழில்முறைக்கு வந்து தொடர்ந்து 62 வெற்றி, 1943-இல் சாமி ஆங்கட்டிடம் ஒரு தோல்வி, அப்புறம் 1948 வரை மறுபடி தோல்வியே இல்லை. தான் ஒரு குத்துகூடக் குத்தாமல் ஒரு சுற்றை ஜெயித்தார் என்று ஒரு கதை உண்டு. நம்ப வேண்டிய அவசியமில்லை. ஆனால் அவருடைய பழைய படச்சுருள்களைப் பார்த்தால் அப்படிக் கதை கட்டியவர்களைக் கோபிக்கத் தோன்றாது. எதிராளி குத்து விடும்போது இவர் அங்கே இருக்க மாட்டார். 1947 ஜனவரியில் விமான விபத்து, முதுகெலும்பிலும் காலிலும் முறிவு. அதே ஆண்டு ஜூனில் வளையத்தில் நின்றார். ரசிகனாகக் கை தட்டுகிறேன். டாக்டராக இருந்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இரண்டாவது சாண்டி சாட்லர். பெப்போடு நான்கு முறை மோதி மூன்று முறை ஜெயித்தவரை ஏன் கீழே வைக்கிறாய் என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். விபத்துக்குப் பிந்தைய பெப்பைத்தான் அவர் சந்தித்தார். அப்படியும் 1949 பிப்ரவரியில் பெப் 15 சுற்றும் ஓடி, நழுவி, புள்ளிக் கணக்கில் பட்டத்தை மீட்ட அந்த ஒரு இரவு எனக்குப் போதும். சாட்லர் நெடுநெடு உயரம், நீளமான கை, 100-க்கு மேல் நாக்-அவுட். கட்டை விரலால் கண்ணைக் குத்துவது, தலையைப் பிடித்து இழுப்பது எல்லாம் தாராளம். 1951-இல் நடந்த நான்காவது சண்டையை மல்யுத்தம் என்றே சொல்லலாம். இருவர்மீதும் நடவடிக்கை எடுத்தார்கள்.

மூன்றாவது, மெக்சிகோவின் சல்வடோர் சாஞ்செஸ். 1981-இல் தோல்வியே காணாத வில்ஃபிரெடோ கோமஸை எட்டாவது சுற்றில் சாய்த்தார். 1982 ஜூலையில், பின்னால் பெரிய பெயரான கானா நாட்டு அசுமா நெல்சனைக் கடைசிச் சுற்றில் நிறுத்தினார். மூன்று வாரம் கழித்துக் கார் விபத்தில் போய்விட்டார், வயது 23. பதினைந்தாவது சுற்றிலும் முதல் சுற்றின் மூச்சோடு நின்ற ஆள். இன்னும் ஐந்து ஆண்டு ஆடியிருந்தால் என்ற கேள்வியை நான் கேட்பதில்லை, தூக்கம் வராது.

அதற்குக் கீழே 19 முறை பட்டத்தைக் காத்த பனாமாவின் யூசெபியோ பெட்ரோசா, அசுமா நெல்சன், மெக்சிகோவின் விசென்டே சால்டிவார். வரிசையை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கைச் சேர்க்கவில்லை. அவர் மூன்று எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றவர், இந்த ஒரு பெட்டிக்குள் அடக்க முடியாது.

"டேவி மூர் இல்லையா சார்?" என்றான் பையன். அவன் பட்டியலில் எட்டாவது பெயர்.

மூர் 1959 முதல் உலக சாம்பியன். 1963 மார்ச் 21, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் சுகர் ராமோஸோடு சண்டை. பத்தாவது சுற்றில் சாய்ந்தபோது பின்கழுத்து கீழ்க் கயிற்றில் மோதியது. பத்தாவது சுற்று முடிந்ததும் சண்டையை நிறுத்தினார்கள். அதன்பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து பத்திரிகைக்காரர்களோடு தெளிவாகப் பேசினார். மறுபடி மோத வேண்டும் என்றார். சற்று நேரத்தில் தலை வலிக்கிறது என்றார், நினைவு தப்பியது. நான்கு நாளில் இறந்தார்.

இதைத்தான் பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "நல்லாத்தான் பேசினான் டாக்டர், சாப்பிட்டுட்டுப் படுத்தான்" என்பார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகும் ஆள் பேசலாம், சிரிக்கலாம், பைக் ஓட்டி வீட்டுக்கு வரலாம். நேரம் ஆக ஆகத் தலைவலி கூடினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வழக்கமில்லாத தூக்கம் வந்தால், பேச்சு குழறினால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், மாத்திரை கொடுத்துப் பார்க்காதீர்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அன்று இரவு அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். தலைக்குக் குத்து வாங்கி நாக்-அவுட் ஆனவனுக்குக் குறைந்தது ஒரு மாதம் ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) கிடையாது.

'ஹெட்கார்டு (தலைக் கவசம்) போடுறானே' என்பவர்களுக்கு: அது புருவம் கிழியாமல் காக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. உயர்மட்ட ஆண்கள் அமெச்சூர் போட்டிகளில் 2013-இலேயே அதைக் கழற்றிவிட்டார்கள்.

எடைக்கு வருவோம். அயர்லாந்தின் பாரி மெக்கிகன் 1985-இல் பெட்ரோசாவை வென்றவர். அடுத்த ஆண்டு ஜூனில் லாஸ் வேகாஸில், திறந்தவெளியில், 40 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஸ்டீவ் குரூஸோடு 15 சுற்று ஆடினார். கடைசிச் சுற்றில் இரண்டு முறை விழுந்து பட்டத்தை இழந்தார். உடம்பில் நீர் வற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அது வெயிலின் வேலை. நம் பையன்கள் அதே நிலையைப் போட்டிக்கு முன்பே தாங்களாக வரவழைத்துக்கொள்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் கால் தளரும், கண் மந்தமாகும், குத்து வருவது தெரிந்தும் தலை விலகாது. மூளையைச் சுற்றியுள்ள திரவம் குறைந்து, மூளையை ஒட்டிய சின்ன ரத்தக் குழாய்கள் சுலபமாக அறுந்துபோகலாம் என்ற கவலையும் எங்களுக்கு உண்டு. அமெச்சூரில் காலையில் எடை, அதே நாளில் சண்டை. வற்றியதை நிரப்ப நேரம் ஏது?

பையன் விடவில்லை. "அப்ப பெப் மாதிரி குத்து வாங்காம ஆடினா ஒண்ணும் ஆகாதில்ல சார்?"

அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பெப்பின் கணக்கு 229 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமன். மொத்தம் 241 சண்டை. பயிற்சியில் வாங்கியதை யார் எண்ணியது? யாராலும் தொட முடியாதவர் என்று பேர் எடுத்த அந்த மனிதர் தன் கடைசி ஆண்டுகளை நினைவு மங்கி, பராமரிப்பு இல்லத்தில் கழித்து 2006-இல் இறந்தார். சாட்லருக்கும் கடைசியில் மறதி நோய்தான், 2001-இல் போனார். என் பட்டியலின் முதல் இரண்டு பேர்! குத்துச்சண்டை வீரர்களின் இந்த நிலையை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-இலேயே எழுதிவைத்தார். இதற்கு நாக்-அவுட் ஆகவே வேண்டியதில்லை. தினசரி ஸ்பாரிங்கில் 'லேசாத்தான் பட்டது' என்று விட்ட குத்துகளும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் என்னிடம் வரும் மாஸ்டர்களிடம் ஸ்பாரிங் நாட்களைக் குறைக்கச் சொல்கிறேன். கால் வேலையைக் கற்க மாஸ்டர் கையில் பிடிக்கும் மிட்ஸ் போதும், தொங்கவிட்ட குத்துப் பை போதும்.

இதையெல்லாம் சொன்னேன். போனை அணைத்துப் பையில் வைத்துவிட்டு, இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தான்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு போட்டியில் பார்த்தேன். ஸ்வெட்டர் இல்லை. 60 கிலோ பிரிவில் இறங்கியிருந்தான், ஸ்கேல் 59.2 காட்டியது, நாடித்துடிப்பு 68. முதல் சண்டையிலேயே புள்ளியில் தோற்றான், தன்னைவிட உயரமான ஒருவனிடம். மாஸ்டர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.