நாய் உணவில் மீன்: அடுப்பு தீர்ப்பதும் தீர்க்காததும்

1919ல் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி என்ற மருத்துவர் நாய்க்குட்டிகளைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்து, விதவிதமான உணவு கொடுத்து வளர்த்துப் பார்த்தார். தானியமும் கொஞ்சம் பாலும் மட்டுமே தின்ற குட்டிகளுக்குக் கால் வளைந்தது, மூட்டு புடைத்தது. அந்தக் காலத்துக் குழந்தைகளைப் பாடாய்ப்படுத்திய ரிக்கெட்ஸ் நோய்தான் அது. காட் மீனின் ஈரல் எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்த குட்டிகளுக்கோ எலும்பு ஒழுங்காக வளர்ந்தது. எண்ணெயில் இருந்து வேலை செய்தது வைட்டமின் ஏ அல்ல, வேறொரு பொருள் என்பதை 1922ல் அமெரிக்காவில் உயிர்வேதியியலாளர் மெக்காலமின் குழுவினர் நிரூபித்தார்கள். அதற்குத்தான் வைட்டமின் டி என்று பெயர் வைத்தார்கள்.

மெல்லன்பி நாயைத் தேர்ந்தெடுத்தது, அவருக்கே தெரியாமல் அமைந்த நல்ல தேர்வு. மனிதத் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள் தேங்கியிருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அது வைட்டமின் டியாக மாறத் தொடங்கும். நாய்த் தோலில் அந்தப் பொருள் மிகக் குறைவாகவே இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994ல் இதை வெளியிட்டார்கள். ஆக, நாள் முழுக்க வெயிலில் படுத்துக் கிடந்தாலும் நாய்க்கு வேண்டிய வைட்டமின் டி கிடைத்துவிடாது. தின்பதிலிருந்துதான் வர வேண்டும். இயற்கை உணவுகளில் அது தாராளமாக இருப்பது கொழுப்பு மிகுந்த மீனில்.

ஒமேகா-3 கொழுப்பிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆளி விதை போன்ற தாவரப் பொருள்களில் இருக்கும் ஒமேகா-3 ஒரு குட்டையான மூலக்கூறு. அதை நீட்டி இபிஏ என்ற நீண்ட ஒமேகா-3 ஆக்குவது நாயின் ஈரலுக்குச் சிரமமான வேலை. டிஹெச்ஏ என்ற இன்னும் நீண்ட வகை வரை கொண்டுபோவது அதைவிடச் சிரமம். மூளையும் விழித்திரையும் கேட்பது டிஹெச்ஏவைத்தான். கடல் பாசி உண்டாக்கி, சிறு உயிர்கள் தின்று, மீன் உடம்பில் சேர்ந்துவிட்ட இபிஏவும் டிஹெச்ஏவும் நாய்க்குத் தயார்நிலையில் கிடைக்கின்றன. 48 பீகிள் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2012ல் வெளியானது. டிஹெச்ஏ மிகுந்த மீன் எண்ணெய் சேர்த்த உணவைத் தின்ற குட்டிகள் சில கற்றல் சோதனைகளில் மற்றவற்றை முந்தின.

வயதான நாய்க்கு இதன் பலன் மூட்டில் தெரியும். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு பதிந்திருக்கிறது. அடிபட்டாலோ தேய்ந்தாலோ செல் அதை உருவி எடுத்து, ஒரு நொதியிடம் கொடுத்து, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கிறது. மீன் தின்னும் நாயின் சவ்வில் நாளாக ஆக அராக்கிடோனிக் அமிலத்தின் இடங்களில் ஒரு பகுதியை இபிஏ பிடித்துக்கொள்ளும். நொதி அதையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் வீரியம் குறைந்தது. வலிநிவாரணி மாத்திரை நொதியையே முடக்குகிறது. மீன் கொழுப்பு நொதிக்குப் போகும் சரக்கை மாற்றுகிறது. சவ்வில் சரக்கு மாற வாரக்கணக்கில் ஆகும். அதனால் இன்று கொடுத்து நாளை பலன் பார்க்க முடியாது. 2010ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 18 கால்நடை மருத்துவமனைகளைச் சேர்ந்த, மூட்டுத் தேய்மானம் உள்ள 127 நாய்கள் இடம்பெற்றன. மீன் எண்ணெய் மிகுந்த உணவைத் தின்றவை படுத்த இடத்திலிருந்து எழுவதிலும் நடப்பதிலும் தேறியதாக உரிமையாளர்கள் மதிப்பிட்டார்கள்.

சரி, எவ்வளவு கொடுப்பது? அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2006ல் வெளியிட்ட கணக்குப்படி, வளர்ந்த 10 கிலோ நாய்க்கு இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்த்து நாளுக்குச் சுமார் 170 மில்லிகிராம் வேண்டும். பாதுகாப்பான உச்ச வரம்பு சுமார் 2,000 மில்லிகிராம். 100 கிராம் மத்தி மீனில் 1 முதல் 1.5 கிராம் வரை இவை இருக்கும். அதாவது அந்த நாய் வாரத்துக்கு 100 கிராம் மத்தி தின்றாலே அந்த வாரத் தேவை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் வயிற்றுக்கும் சுலபம். மூட்டு வலிக்கான அளவு இதைவிடக் கூடுதல். அதைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். வரம்பைத் தாண்டினால் மலம் இளகும், ரத்தம் உறைவது தாமதமாகும், காயம் மெதுவாக ஆறும். ஈரல் எண்ணெய் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதில் வைட்டமின் ஏயும் டியும் செறிந்திருக்கின்றன. மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடாமல் உடம்பிலேயே தங்கும்.

இனி அடுப்புக்கு வருவோம். பச்சையாகக் கொடுப்பதுதான் இயற்கை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இறைச்சியில் எப்படியோ, மீனில் எனக்கு அது ஒப்பவில்லை. 1932ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு நரிப் பண்ணையில் தீவனத்தோடு பச்சை மீன் கலந்து கொடுத்தார்கள். நரிகள் முதலில் தீனியை ஒதுக்கின, அப்புறம் தள்ளாடின, கால் விளங்காமல் போய்ச் செத்தன. பண்ணைக்காரர் பெயரால் அது சேஸ்டக் பக்கவாதம் எனப்படுகிறது. காரணம் தயாமினேஸ் என்ற நொதி. கெண்டை, ஹெர்ரிங் போன்ற சில மீன்களில், குறிப்பாகக் குடலில், அது நிறைய உண்டு. தயாமின் எனும் வைட்டமின் பி1ஐ அது நடுவில் வெட்டிவிடும். தயாமின் இல்லாவிட்டால் குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலை பாதியில் நிற்கும்; ஆற்றலை அதிகம் கேட்கும் மூளை முதலில் தவிக்கும். இதில் பொல்லாத விஷயம், மீனில் உள்ள தயாமினோடு நொதி நிற்பதில்லை. அதே தட்டில் கிடக்கும் மற்ற உணவின் தயாமினையும் காலி செய்கிறது. ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது, நன்றாக வேக வைத்தால் செயலிழந்துவிடும்.

இன்னொன்று நாய் இனத்துக்கென்றே அமைந்த ஆபத்து. வட அமெரிக்காவின் வடமேற்குப் பசிபிக் கரையோர ஆறுகளில் ஒரு நத்தை இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் தட்டைப்புழுக் குஞ்சு சால்மன் மீனின் தசைக்குள் புகுந்து கூடு கட்டிக்கொள்ளும். அந்தப் புழுவுக்குள் நியோரிக்கெட்சியா ஹெல்மின்தேகா என்ற பாக்டீரியா இருக்கும். பச்சை சால்மனைத் தின்ற நாயின் குடலில் புழு ஒட்டிக்கொள்ள, பாக்டீரியா வெளியே இறங்குகிறது. ஒரு வாரத்தில் காய்ச்சல், வாந்தி, ரத்தப்போக்கு. மருத்துவம் பார்க்காவிட்டால் பத்தில் ஒன்பது நாய்கள் வரை இறந்துவிடும். அதே மீனைத் தின்ற பூனைக்கு இந்த நோய் வருவதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மருந்து, நேரத்தோடு கொடுத்தால், உயிரைக் காப்பாற்றும். மற்ற மீன்களில் நாடாப்புழுவும் ஈரல் புழுவும் வரலாம். இவை எல்லாமே கொதி நீரில் முடிந்துபோகிறவை.

முள்ளைச் சமையல் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். முள் என்பது கால்சியத் தாதுவும் கொலாஜன் நாரும் சேர்ந்து ஆனது. வளைந்து கொடுக்கும் தன்மை நாரால் வருகிறது. பொரித்தாலோ சுட்டாலோ நார் காய்ந்து முள் ஊசிபோல் முறியும். தொண்டையில் குத்துவது இதுதான். அழுத்தத்தில் நெடுநேரம் வெந்தாலோ, கொலாஜன் ஜெலட்டினாகிக் கரைந்தே போய்விடும். டின்னில் அடைத்த மத்தியின் நடு முள்ளை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக உதிரும். குக்கரில் வேக வைத்த சிறு மீனையும் இப்படி நசுக்கிப் பார்த்துவிட்டுத் தட்டில் போடலாம். உதிராத முள்ளை எடுத்துவிட வேண்டும். வேகும் நீரில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும்.

முள்ளை எடுத்த மீனையே முழு உணவாக்குவதும் சரிப்படாது. மீன் சதையில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். நாய்க்கோ கால்சியம் குறைந்தது பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் சேர்க்கும். வைட்டமின் டி எவ்வளவு இருந்தும் வளரும் குட்டியின் எலும்பு மெலிந்துபோகும்.

அடுப்பால் ஆகாத காரியங்களில் முதலாவது பாதரசம். நீரில் கலந்த பாதரசத்தைப் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக்குகின்றன. பாசி, சிறு மீன், பெரு மீன் என்று படிக்குப் படி அது செறிவாகிறது. மீனின் கொழுப்பில் அல்ல, தசைப் புரதத்தின் கந்தக முனையில் ஒட்டிக்கொள்வதால் எண்ணெயை வடித்தாலும் போகாது. சமைக்கும்போது தண்ணீர் வற்றுவதால், எடைக்கு எடை பார்த்தால் சற்றுக் கூடவே செய்கிறது. சுறா, வாள்மீன், பெரிய சூரை இவற்றை ஒதுக்கிவிட்டு, குறுகிய ஆயுள் கொண்ட மத்தி, நெத்திலி பக்கம் போவதுதான் வழி. அடுத்தது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். கொதித்தால் பாக்டீரியா சாகும். உண்டான ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். நமக்கு ஆகாமல் போன மீனை வேக வைத்து நாய்க்குப் போடலாம் என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது. பேத்தை மீனின் நஞ்சும் வெப்பத்துக்கு அசையாதது.

கொழுப்பு கெட்டுப்போவதும் இந்த வகைதான். டிஹெச்ஏ மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். அந்த நெகிழ்ச்சிதான் மூளை செல்லுக்கு வேண்டியது. ஆக்சிஜன் எளிதில் தாக்குவதும் அதே இடத்தைத்தான். ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும். இந்தத் தொடரை அறுக்க உடம்பு வைட்டமின் ஈயைச் செலவழிக்கிறது. அதனால் மீன் கொழுப்பு கூடினால் வைட்டமின் ஈயும் கூட வேண்டும். காறல் வாடை வந்த எண்ணெயைத் தூக்கி எறிந்துவிடலாம்.

கடைசியாக ஒவ்வாமை. 297 நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் வெளியான கட்டுரையில், உணவு ஒவ்வாமைக்கு மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களிலும், கோழி 15 சதவீதத்திலும், மீன் வெறும் 2 சதவீதத்திலும் காரணமாக இருந்தன. விடாமல் சொறியும் நாய்க்கு அது முன்பு தின்றிராத புரதத்தை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள் மருத்துவர்கள். பலமுறை அந்தப் புரதம் மீனாகத்தான் இருக்கும். வாரா வாரம் மீன் தின்று பழகிய நாயிடம் இந்தச் சோதனைக்கு மீன் உதவாது. அதனால் சருமக் கோளாறுக்குப் பேர்போன இனக் குட்டி என்றால், மீனை வழக்கமாக்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. முயல், வாத்து போன்ற வேறொரு புரதத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கி வைக்க முடியுமா என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.