அடைத்த அறையின் காற்று மனத்தை என்ன செய்கிறது?

தொண்டி முதல் தனுஷ்கோடி வரை, அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் காற்றுக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவத்தில் கச்சான், வடகிழக்குப் பருவத்தில் வாடை என்று மாறி மாறி வீசுகிறது. ஆனால் மழைக்கால இரவுகளில் சாரலுக்கும் கொசுவுக்கும் அஞ்சி ஜன்னல்களை அடைத்து, கொசுவர்த்திச் சுருளை ஏற்றிவைத்துப் படுக்கும் வீட்டுக்குள் அந்தக் காற்று வருவதில்லை. காலையில் தலைபாரத்தோடும் எரிச்சலோடும் எழுபவர் அதற்குத் தூக்கக் குறைவையோ கடன் கவலையையோ காரணமாக நினைப்பது இயல்புதான். இரவெல்லாம் சுவாசித்த காற்றும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சுருளையே எடுத்துக்கொள்வோம். அதில் பூச்சிமருந்து மிகச் சிறிதளவே உண்டு. மற்றதெல்லாம் மரத்தூள் போன்ற எரிபொருள். அது சுடர்விட்டு எரியாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருப்பதால் முழுமையாக எரிவதில்லை. காலையில் தகரத் தாங்கிக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் சாம்பல் எஞ்சியது மட்டுமே. மீதி அறைக் காற்றில் கலந்துவிட்டது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள்களின் நிறை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது.

2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான இத்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றை எதிர்க்கும் நோயெதிர்ப்புச் செல்கள் அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்க, அவை இரத்தத்தின் வழியே மூளையையும் பாதிக்கின்றன. மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனின், டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. அழற்சி நீடித்தால் அந்த மூலப்பொருளின் ஒரு பங்கு வேறு பாதைக்குத் திரும்பி, செரட்டோனினுக்குக் கிடைப்பது குறையலாம். 2017இல் வெளியான ஷாங்காய் ஆய்வொன்றில், மாணவர் விடுதி அறைகளில் உண்மையான காற்றுச் சுத்திகரிப்பானும் வடிகட்டி இல்லாத போலியும் மாறி மாறி வைக்கப்பட்டன. போலி இருந்து மாசு மிகுந்த நாட்களில் மாணவர்களின் உடலில் கார்டிசால், அட்ரினலின் உள்ளிட்ட மன அழுத்த ஹார்மோன்கள் உயர்ந்திருந்தன. சோர்வுக்கு வறுமையும் கவலையும் காரணமாகலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒரே மாணவரை இரு நிலையிலும் அளந்த இத்தகைய சோதனையை அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

புகையே இல்லாவிட்டாலும் அடைத்த அறை நல்லதல்ல. வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்காக உள்ள கார்பன் டை ஆக்சைடு, நாலைந்து பேர் உறங்கும் மூடிய அறையில் 2,000ஐத் தாண்டலாம். அந்த அளவு நஞ்சல்ல என்றாலும், காற்று மாறவில்லை என்பதற்கு அது அடையாளம். காற்றோட்டம் கூடிய அறையில் தூக்கமும் மறுநாள் கவனமும் மேம்பட்டதை டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சமையலறையில் சீமைக்கருவேல விறகு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் சேர்கிறது. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால் தலைவலியும் அயர்ச்சியும் வருகின்றன. மழைக்குளிருக்காக மூடிய அறையில் கரி நெருப்பு வைப்பது உயிரையே பறிக்கும்.

கடலோர வீடுகளில் மிகுதியாகக் காணும் இன்னொரு தொல்லை ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். உப்பேறிய சுவர் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ள, காரை பொரிந்து, பீரோவின் பின்புறம் கரும்பூஞ்சை படர்கிறது. ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மனச்சோர்வு அதிகம் என்று கண்டது. அதற்கு உடல்நலக் குறைவோடு, தன் வீடு தன் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வும் ஒரு காரணம் என்கிறது அந்த ஆய்வு. எவ்வளவு சுரண்டி வெள்ளையடித்தாலும் அடுத்த மழையில் மீண்டும் பூக்கும் சுவரோடு வாழ்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுருளுக்கு மாற்றாகக் கொசுவலையும் ஜன்னல் வலையும் போதும். உப்புக்காற்றில் இரும்பு வலை விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் நைலான் வலையே நல்லது. பகலில் கடற்காற்று நுழையும் ஜன்னலோடு எதிர்ச்சுவரில் உள்ளதையும் திறந்தால்தான் உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். இரவில் நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று திரும்பும்போதும் அதே இரண்டு ஜன்னல்கள் உதவும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்புறம் காற்றுப் புகும். இவற்றுக்குப் பிறகும் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.